காற்றும் தண்ணீரும் கெட்டுப்போன ஊரில் அடுப்படியிலிருந்து என்னென்ன செய்யலாம்

எங்கள் வீடு கடலூர் முதுநகரில் இருக்கிறது. தெற்கே கொஞ்ச தூரம் போனால் குடிகாடு, ஈச்சங்காடு, அங்கே 1980களில் வந்த சிப்காட் தொழிற்பேட்டை. மேற்கே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிகிறது. வடக்கே புதுச்சேரி போகிற சாலையில் ராத்திரி பகல் பார்க்காமல் லாரி. இங்கே காற்று எப்படி, தண்ணீர் எப்படி என்று யாரும் வந்து நமக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2004இலேயே சிப்காட்டைச் சுற்றியிருக்கிற ஊர்க்காரர்கள் வாளியும் பையுமாகத் தாங்களே காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்துவிட்டார்கள். ஆனால் "அப்ப என்னதான் சாப்பிடறது?" என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருவர் கொத்தமல்லிச் சாறு, ஒருவர் வேப்பங்கொழுந்து, இன்னொருவர் கையில் ஏதோ ஒரு லேகிய டப்பா.

நானும் அப்படித்தான் அலைந்தேன். பையனுக்கு நாலு வயதில் சோர்வு, பசியே இல்லை, சுவரில் காரையைச் சுரண்டி வாயில் போடுவான். புதுச்சேரியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் ஒன்பதுக்கும் கீழே. "விஷத்தை வெளியேத்தறது இருக்கட்டும்மா, முதல்ல இரும்புச்சத்தை ஏத்துங்க, அது இல்லாத உடம்புலதான் கெட்டது சுலபமா ஏறும்" என்றார். அந்த ஒரு பேச்சில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அதற்குப் பிறகு தேடிப் படித்ததும், வீட்டில் செய்து பார்த்ததும்தான் கீழே இருப்பவை.

முதலில் அந்த மருத்துவர் சொன்னதன் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. நம் குடலில் இரும்புச்சத்தை உள்ளே ஏற்றுவதற்கென்று ஒரு வழி இருக்கிறது. அதே வழியில்தான் காரீயம் (லெட்), காட்மியம் என்ற விஷ உலோகங்களும் ஏறுகின்றன. நம் ஊர் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். இருக்கை எல்லாம் நிரம்பியிருந்தால் வழியில் கை காட்டுகிறவனுக்கு இடம் கிடைக்காது, காலியாக வந்தால் யார் வேண்டுமானாலும் ஏறி உட்காருவான். இரும்பு குறைந்த உடம்பில் அந்த பஸ் காலியாக ஓடுகிறது, போதாததற்கு எப்படியாவது இரும்பு கிடைக்காதா என்று உடம்பு இன்னும் நாலு பஸ்ஸை விடுகிறது. சுண்ணாம்புச்சத்துக்கும் இப்படித்தான், அது குறைந்தால் அந்த இடத்தைக் காரீயம் பிடித்துக்கொண்டு எலும்பில் போய் உட்கார்ந்துவிடும், வருஷக்கணக்கில் கிளம்பாது. பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பு நாலைந்து மடங்கு காரீயத்தை உறிஞ்சும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. 2021இல் அவர்கள் வெளியிட்ட வழிகாட்டுதலில், காரீயம் ஏறிய குழந்தைக்கு முதலில் அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்லிவிட்டு, உணவில் இரும்பும் கால்சியமும் போதவில்லை என்றால் அவற்றைக் கொடுக்கச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் வந்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள், எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஆக முதல் வேலை, வெறும் வயிற்றோடு யாரையும் வெளியே அனுப்பாதீர்கள். பட்டினி வயிறு காரீயத்தைப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, பட்டறைக்கும் கம்பெனிக்கும் போகிற ஆள், டீ மட்டும் குடித்துவிட்டு ஓடுவதை நிறுத்தினாலே பெரிய லாபம். பழைய சோறாக இருந்தாலும் சரி, ரெண்டு இட்லியாக இருந்தாலும் சரி.

இரும்புக்கு நம் பக்கம் பஞ்சமே இல்லை. முருங்கைக்கீரை, கம்பு, கொள்ளு, எள், கேழ்வரகு, சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), மீன். ஆனால் கீரையிலும் தானியத்திலும் இருக்கிற இரும்பு லேசில் உடம்பில் சேராது, கூடவே வைட்டமின் சி வேண்டும். அதனால் முருங்கைக்கீரைப் பொரியல் செய்தால் இறக்கின பிறகு அரை மூடி எலுமிச்சம்பழம் பிழியுங்கள், அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் சூட்டில் வீணாகும். இல்லையா, சாப்பிட்டவுடன் ஒரு பெரிய நெல்லிக்காயோ கால் கொய்யாவோ. கொய்யாவில் ஆரஞ்சைவிட மூன்று நாலு மடங்கு வைட்டமின் சி இருக்கிறது, விலையும் கம்மி. டீ காப்பியைச் சாப்பாட்டோடு குடிக்காதீர்கள், அதில் இருக்கிற துவர்ப்பு இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். மருத்துவர் இரும்பு மாத்திரை கொடுத்திருந்தால் பாலோடு விழுங்கக் கூடாது, அதுவும் இதே மாதிரி தடுக்கும். நான்ஸ்டிக்கை எடுத்து ஓரம் வைத்துவிட்டுப் பழைய இரும்புத் தோசைக்கல்லையும் இரும்புச் சட்டியையும் திரும்ப எடுத்தேன். அதில் புளி சேர்த்து வதக்குகிற எதிலும் கொஞ்சம் இரும்பு இறங்கும், அது நல்லதுதான்.

சுண்ணாம்புச்சத்துக்குத் தானியங்களில் கேழ்வரகை மிஞ்சி எதுவும் இல்லை, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல். எள்ளில் அதைவிட அதிகம், ஆனால் அதை யாரும் கிண்ணம் கிண்ணமாகத் தின்ன முடியாது, இட்லிப் பொடியில் ஒரு கை போடலாம். முள்ளோடு மென்று தின்கிற நெத்திலியும் ஒரு நல்ல வழி. ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது கூடவே முருங்கைக்கீரையும் பச்சை வெங்காயமும் மாங்காய்க் கீற்றும் கொடுப்பார்களே, ஒரு தட்டில் சுண்ணாம்பு, இரும்பு, வைட்டமின் சி மூன்றும் வந்துவிடுகிறது. எங்கள் ஆயா இதை ஆடிக்கு மட்டும் செய்யவில்லை, வாரத்தில் நாலு நாள் செய்தார். அந்தக் கூழை எப்படிச் செய்வது என்று கடைசியில் சொல்கிறேன்.

காரீயம் காரீயம் என்கிறேனே, அது வீட்டுக்குள் எப்படி வருகிறது என்று பார்த்தீர்களா? நான் முதலில் தேடியது சுவரைத்தான். பழைய எண்ணெய் பெயின்ட்டில் காரீயம் உண்டு. உரிகிற சுவர், உரிகிற ஜன்னல் கம்பி, இதைச் சுரண்டி வாயில் போடுகிற குழந்தை இருந்தால் அந்தச் சுவரை முதலில் கவனியுங்கள், உலர வைத்துத் தேய்க்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

இரண்டாவது மஞ்சள். கிழங்கு பளிச்சென்று தெரிய லெட் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைப் பூசுகிற மோசடி இருக்கிறது. பங்களாதேஷில் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் காரீயம் எப்படி வந்தது என்று துருவிக்கொண்டே போய் மஞ்சளில் கண்டுபிடித்தார்கள். வீட்டில் சோதிக்க ஒரு எளிய வழி, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து ஒரு கிழங்கு மஞ்சளைப் போடுங்கள், கலக்காமல் விடுங்கள். நல்ல மஞ்சள் சும்மா கிடக்கும். சாயம் பூசியதாக இருந்தால் போட்டவுடனே மஞ்சள் இறங்கும். எங்கள் வீட்டில் ஒரு கடையில் வாங்கிய கிழங்கைப் போட்டபோது ஒரு நிமிஷத்தில் தண்ணீர் மஞ்சள் துணி அலசின மாதிரி ஆகிவிட்டது, மாமியார் "இவ்வளவு நாளா இதையா குழந்தைக்குப் பால்ல போட்டோம்" என்று திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்போதிருந்து பளபளப்பில்லாத, கொஞ்சம் மங்கலான கிழங்கைத்தான் வாங்குகிறோம், கழுவிக் காயவைத்து நாங்களே மில்லில் அரைத்துக்கொள்கிறோம். மஞ்சளில் நல்லது இருக்கிறது, மிளகோடு சேர்ந்தால் இன்னும் நன்றாக உடம்பில் சேரும், அதெல்லாம் சமையல் அளவில் போதும். மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமின் மாத்திரை என்று டப்பாவில் வருகிறதை அதிக அளவில் விழுங்கிக் கல்லீரல் கெட்டவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது ஈயச் சொம்பு. இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்தது, அது விஷம் இல்லை. காரீயம் வேறு உலோகம், அதுதான் விஷம். தமிழில் ரெண்டையும் ஈயம் என்று சொல்லிப் பழகிவிட்டதால் வந்த குழப்பம் இது. பிரச்சினை என்னவென்றால், வெள்ளீயம் விலை அதிகம், காரீயம் மலிவு, அதனால் கலந்துவிடுகிறார்கள், புளிப்பான ரசம் அதைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். சொம்பின் விளிம்பை வெள்ளைத்தாளில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், பென்சில் மாதிரி கறுத்த கோடு விழுந்தால் அதை அடுப்படியில் வைக்காதீர்கள். கோடு விழாவிட்டாலும் சுத்தம் என்று முழுக்க நம்ப முடியாது, குழந்தை இருக்கிற வீட்டில் நான் எவர்சில்வரில்தான் ரசம் வைப்பேன். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயத்துக்கும், பழைய சாமான்களை உருக்கி வார்த்த மலிவு அலுமினியச் சட்டிக்கும் இதே எச்சரிக்கைதான்.

அடுத்தது சோறு. நெல் தண்ணீர் நிற்கிற வயலில் வளர்வதால் மண்ணில் இருக்கிற ஆர்சனிக் என்ற விஷத்தை மற்ற தானியங்களைவிட அதிகமாக இழுத்துக்கொள்ளும். நிறையத் தண்ணீர் வைத்து வடித்தால் அதில் கணிசமான பங்கு கஞ்சியோடு போய்விடும், குக்கரில் வைத்தால் அப்படியே சோற்றில் தங்கும். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் 2020இல் ஒரு முறையைச் சொன்னார்கள், அதை நம் சமையலுக்கு ஏற்றபடி நான் இப்படிச் செய்கிறேன். ஒரு பங்கு அரிசிக்கு நாலு பங்கு தண்ணீர் கொதிக்கவிட்டு, கழுவிய அரிசியைப் போட்டு, ஐந்தே நிமிஷம். நுரை பொங்கும், தண்ணீர் லேசாக வெளுக்கும். வடிதட்டு வைத்து அந்த முதல் தண்ணீரை முழுக்கக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் விட்டுச் சிறுதீயில் மூடி வேகவையுங்கள். அவர்கள் சோதித்ததில் வெள்ளையரிசியில் இருந்த ஆர்சனிக் 70 சதவீதத்துக்கு மேல் குறைந்தது, சத்தும் முழுதாக வடிந்து போகவில்லை. கஞ்சி குடிக்கிற பழக்கம் இருந்தால் அந்த முதல் தண்ணீரைக் கொட்டியபிறகு ரெண்டாம் தண்ணீரை வடித்துக் குடியுங்கள். சமைக்கிற தண்ணீரே கெட்டதாக இருந்தால் இது எதுவும் பலிக்காது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சோற்றோடு பருப்புக்கீரைக் கடைசலோ பாசிப்பயறோ இருந்தால் நல்லது. கீரையிலும் பயறிலும் ஃபோலேட் என்ற சத்து இருக்கிறது, ஆர்சனிக்கை உருமாற்றிச் சிறுநீரில் அனுப்புகிற வேலைக்குக் கல்லீரலுக்கு அது தேவை. பங்களாதேஷில் ஃபோலேட் குறைவாக இருந்தவர்களுக்கு அதைக் கொடுத்தபோது ரத்தத்தில் ஆர்சனிக் குறைந்தது.

தண்ணீரைப் பற்றி ரெண்டு வரி. காய்ச்சினால் கிருமி சாகும், காரீயமும் ஆர்சனிக்கும் சாகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாகத்தான் ஆகும். தேற்றாங்கொட்டை கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கும், வெட்டிவேர் மணக்கவைக்கும், செம்புக்குடம் கிருமியைக் கொல்லும். ரசாயனத்தை எடுக்க இவை உதவாது. போர்த் தண்ணீரில் சந்தேகம் இருந்தால் ஒரு தடவை பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுத்தான் மற்றதை யோசியுங்கள்.

காய்கறி கழுவுவதில் எங்கள் வீட்டு வழக்கம் இது. சந்தையிலிருந்து வந்ததும் முதலில் ஓடுகிற தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுதல், மண்ணும் தூசியும் போனாலே அதோடு ஒட்டியிருக்கிற காரீயத்தில் பெரும்பகுதி போய்விடும். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ரெண்டு டீஸ்பூன் ஆப்பசோடா கரைத்துக் கால் மணி நேரம் ஊறவைக்கிறேன். அமெரிக்காவில் ஆப்பிளை வைத்துச் சோதித்தபோது வெறும் தண்ணீரைவிட இது தோலின் மேலிருந்த ரெண்டு வகைப் பூச்சிமருந்தை நன்றாக எடுத்தது. தோலுக்குள் இறங்கிப்போனதை அது எடுக்கவில்லை. கறிவேப்பிலைக்கும் கொத்தமல்லிக்கும் புளித்தண்ணீர், எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து அதில் கால் மணி நேரம், பிறகு ரெண்டு தண்ணீரில் அலசல். கறிவேப்பிலை விஷயத்தில் நான் கறாராக இருப்பேன், மருந்து அதிகம் அடிக்கிற பயிர் அது, இலையை நாம் அப்படியே அரைத்தும் சாப்பிடுகிறோம். முடிந்தால் ஒரு செடி வையுங்கள். முட்டைக்கோஸில் மேல் ரெண்டு மூன்று இலையைத் தயங்காமல் எறிந்துவிடுங்கள். கீரை எங்கே விளைந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள். சாக்கடை ஓரத்திலும் கழிவுநீர் ஓடையிலும் வளர்ந்த கீரை பார்க்க நல்ல செழிப்பாக இருக்கும், ஆனால் காட்மியத்தை வேரிலிருந்தே இலைக்கு ஏற்றிவிட்டிருக்கும், கழுவினால் போகாது. கடலூர் உழவர் சந்தையில் நானே முகம் தெரிந்தவர்களிடம்தான் கீரை வாங்குகிறேன், அவர்கள் தோட்டம் எங்கே என்று கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள். சாலையோரத்துக் குப்பைமேனி, மூக்கிரட்டை, துளசியை மருந்து என்று பறித்து வருவதையும் விட்டுவிடுங்கள், லாரிப் புகையில் நின்ற இலை அது.

மீனை விடச் சொன்னால் எங்கள் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள், நானும் விடச் சொல்ல மாட்டேன். எந்த மீன் என்பதுதான் விஷயம். நிலக்கரி எரிகிற இடங்களிலிருந்து வருகிற பாதரசம் தண்ணீரில் இறங்கி, சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்னப் பெரிதின் சதையில் சேர்ந்துகொண்டே போகும். கழுவினாலும் வறுத்தாலும் அது போகாது. அதனால் பெரிய சுறா, கொப்பரன், பெரிய சூரை, பெரிய வஞ்சிரம் எல்லாம் எப்போதாவது. கவலை, நெத்திலி, காரப்பொடி எல்லாம் வாரம் ரெண்டு மூன்று தடவை தாராளமாக. கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்றவர்களும் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். பால் ஊற என்று சுறாப்புட்டு செய்து கொடுப்பது நம் வழக்கம், நானும் சாப்பிட்டிருக்கிறேன். இப்போது என் நாத்தனாருக்குக் காரப்பொடிக் குழம்பும் பூண்டு நிறையப் போட்ட நெத்திலியும்தான் செய்து கொடுத்தோம், பால் நன்றாகவே ஊறியது. அப்புறம் உப்பனாற்றில் பொறுக்குகிற மட்டியும் நண்டும் வேண்டாம். அந்த ஆற்று வண்டலில் கன உலோகங்கள் இருப்பதைப் பல ஆய்வுகள் எழுதிவைத்திருக்கின்றன, மட்டி அந்தச் சேற்றுத் தண்ணீரை வடிகட்டியே பிழைக்கிற பிராணி.

பூண்டு என்றதும் ஞாபகம் வருகிறது. ஈரானில் கார் பேட்டரி தொழிற்சாலையில் வேலை செய்கிற 117 பேரை வைத்து 4 வாரம் ஒரு சோதனை செய்தார்கள். பூண்டு மாத்திரை சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் காரீயம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பேட்டரிக் கடை, வெல்டிங், பெயின்ட் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் பூண்டு ரசம், பூண்டுக் குழம்பு அடிக்கடி இருக்கட்டும். பூண்டை நசுக்கிப் பத்து நிமிஷம் வைத்துவிட்டு அப்புறம் அடுப்பில் போடுங்கள், அதன் காரச்சத்து உண்டாக அந்த நேரம் வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு அளவோடு சேர்க்க வேண்டும். அப்படி வேலைக்குப் போய்வருகிறவர்கள் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே சட்டையை மாற்றிவிட்டுக் கையைத் தேய்த்துக் கழுவுவது பூண்டைவிட முக்கியம், குழந்தையைத் தூக்குவது அதற்கப்புறம்தான்.

புகைக்கு என்ன சாப்பிடலாம் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கடுகும் முள்ளங்கியும். சீனாவில் ச்சிதோங் என்ற, காற்று கெட்டுப்போன ஊரில் 291 பேருக்கு 12 வாரம் ப்ரோக்கோலி முளைச் சாறு கொடுத்தார்கள். 2014இல் வந்த அந்த ஆய்வில், பெட்ரோல் புகையில் இருக்கிற பென்சீன் சிறுநீர் வழியாக வெளியேறுவது 61 சதவீதம் கூடியிருந்தது. ப்ரோக்கோலியின் சொந்தக்காரர்கள்தான் நம் முள்ளங்கி, முட்டைக்கோஸ், கடுகு எல்லாம், முருங்கையிலும் இதே வகையில் ஒரு காரச்சத்து உண்டு. அந்தச் சாறு அளவுக்கு நம் பொரியல் வேலை செய்யும் என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் தினமும் தின்கிற காயை ஒழுங்காகச் செய்தால் கூலி கிடைக்கும். நறுக்கினால்தான், மென்றால்தான் அந்தச் சத்து உருவாகும், சுடச்சுட எண்ணெயில் போட்டால் உருவாகுமுன்பே செத்துவிடும். அதனால் முட்டைக்கோஸைப் பொடியாக நறுக்கி அரைமணி நேரம் தட்டில் விட்டுவிட்டு அப்புறம் வதக்குங்கள். முள்ளங்கியைத் துருவித் தயிரில் பச்சையாகவே போடுங்கள், கூடத் தேங்காயோடு அரை டீஸ்பூன் பச்சைக் கடுகை அரைத்துச் சேருங்கள். தாளிக்கிற கடுகு வாசனைக்குத்தான், அரைத்த பச்சைக் கடுகில்தான் அந்த வீரியம் இருக்கும். வாயில் வைத்தால் மூக்கு வரை ஏறுகிறதே அந்தக் காரம், அதுதான் நமக்கு வேண்டியது.

ஆஸ்துமா பிள்ளைகளுக்கு இன்னொன்று. மெக்சிகோ நகரத்தில் ஆஸ்துமா இருக்கிற குழந்தைகளுக்குத் தினமும் 250 மில்லிகிராம் வைட்டமின் சியும் கொஞ்சம் வைட்டமின் ஈயும் கொடுத்துப் பார்த்ததில், ஓசோன் புகையால் நுரையீரல் சுருங்குவது குறைந்தது. ஒரு நடுத்தரக் கொய்யாவும் ஒரு கை வேர்க்கடலையும் தினமும் கொடுத்தால் அந்தப் பக்கமாகத்தான் போகிறோம். இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள், பழம் அதற்குப் பதில் ஆகாது.

மூலிகைகளில் தூதுவளை ரசம், கற்பூரவல்லிக் கஷாயம், துளசி, அதிமதுரம் எல்லாம் எங்கள் வீட்டில் உண்டு. இருமலுக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் இதமாக இருக்கும், சளியை இளக்கும். ஆடாதோடையில் இருக்கிற வாசிசின் என்ற பொருளை வைத்துத்தான் இருமல் மருந்தான ப்ரோம்ஹெக்சினையே உருவாக்கினார்கள், அவ்வளவு வீரியமான இலை. அதனாலேயே கர்ப்பிணிகள் ஆடாதோடையைத் தொடக் கூடாது, கருப்பையைச் சுருக்கும். ஆனால் நுரையீரலுக்குள் போய் ஒட்டிய நுண்தூசியை எந்த இலையும் பெருக்கி வெளியே தள்ளாது. அதை உள்ளே விடாமல் இருக்க வேண்டியதுதான். முதலில் கொசுவர்த்திச் சுருளை நிறுத்துங்கள். ஒரு சுருள் எரிந்து முடிந்தால் வருகிற நுண்தூசி 75 முதல் 137 சிகரெட் வரைக்கும் சமம் என்று 2003இல் அளந்து எழுதியிருக்கிறார்கள். கொசுவலை கட்டுங்கள். குப்பையைக் கொளுத்தாதீர்கள், போகிக்கு டயர் வேண்டவே வேண்டாம்.

லேகியம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் சித்தி ஒருத்தர் "உடம்பில் இருக்கிற கழிவை எல்லாம் நீக்கும்" என்று ஒருவர் வீடு தேடி வந்து விற்ற செந்நிறப் பொடியை மூன்று மாதம் சாப்பிட்டார். வயிற்றுவலி, வாந்தி, கடைசியில் சிறுநீரகம் வரைக்கும் போய்விட்டது. சித்த மருத்துவத்தில் பாதரசமும் லிங்கம் என்ற பாதரசத் தாதுவும் காரீயமும் சேர்த்துச் செய்கிற செந்தூரம், பற்பம் என்ற பொடிகள் உண்டு, அதை முறையாகப் படித்தவர்கள் சுத்தி செய்து, அளவு பார்த்து, ஆள் பார்த்துக் கொடுப்பார்கள். பெயரும் சேர்மானமும் எழுதாத டப்பாவை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். விஷத்தை எடுக்கிறேன் என்று விஷத்தையே கொடுத்துவிடுகிறார்கள். உண்மையிலேயே காரீயம் ஏறியிருக்கிறது என்று சந்தேகம் இருந்தால், குழந்தை மண் தின்கிறது, வயிற்றுவலி அடிக்கடி வருகிறது, படிப்பில் திடீரென்று மந்தம் என்றால், பெரிய லேப்களில் ரத்தத்தில் காரீயம் பார்க்கிற பரிசோதனை இருக்கிறது. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும், நிறைய இருந்தால் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து எடுப்பார்கள், அதை வீட்டில் செய்ய முடியாது.

சூடான சாம்பாரையும் டீயையும் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்குவதை விட்டு ஐந்து வருஷம் ஆகிறது. பேப்பர் கப்பும் உள்ளே பிளாஸ்டிக்தான், கால் மணி நேரத்தில் 100 மில்லி சூடான தண்ணீரில் 25,000 நுண்துகள் உதிர்கிறது என்று கரக்பூர் ஐஐடியில் எண்ணியிருக்கிறார்கள். வண்டியில் ஒரு சின்ன எவர்சில்வர் தூக்கு கிடக்கட்டும், டீக்கடைக்காரர் ஒன்றும் நினைக்க மாட்டார்.

சரி, அந்தக் கூழ். ஒரு டம்ளர் கேழ்வரகு மாவை மூன்று டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மண்சட்டியில் ராத்திரி முழுக்கப் புளிக்க விடுங்கள். புளிக்கும்போது தானியத்தில் இரும்பைக் கட்டிவைத்திருக்கிற பொருள் உடைந்துபோகும், அதனால்தான் சுட்ட ரொட்டியைவிடக் கூழில் சத்து நன்றாகச் சேருகிறது. காலையில் கால் டம்ளர் நொய்யரிசியைக் குழைய வேகவைத்து, அதில் புளித்த மாவை ஊற்றிக் கைவிடாமல் கிளறுங்கள். பச்சை வாசனை போய், ஈரக்கையால் தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வந்ததும் இறக்கி ஆறவிட்டு, மூடி வைத்துவிடுங்கள். மறுநாள் வேண்டிய அளவு களியை எடுத்து மோரும் உப்பும் விட்டுக் கையாலேயே கரைத்து, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டுக் குடியுங்கள். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை, கிடைக்கிற நாளில் மாங்காய், எங்கள் பையனுக்கு வறுத்த நெத்திலிக் கருவாடு. மிச்சக் களியைத் தண்ணீர் ஊற்றி வையுங்கள், மூன்றாம் நாள் இன்னும் நன்றாகப் புளித்திருக்கும்.